ஒரு கவளச் சோறும் ஓயாத சக்கரமும்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். மாலை நேரம். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுப் பெண் கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, "சிட்ரிக் அமிலம், ஐசோசிட்ரிக் அமிலம், கீட்டோகுளூட்டாரிக் அமிலம், சக்சினிக் அமிலம், ஃபியூமாரிக் அமிலம், மாலிக் அமிலம், ஆக்சலோ அசிட்டிக் அமிலம், மறுபடியும் சிட்ரிக் அமிலம்" என்று ஓதிக்கொண்டிருந்தாள். எதிரே அவளுடைய ஆயா, முறத்தில் புழுங்கல் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, ஜெபமாலை மணி உருட்டுவது போலத் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கிறாயே! இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார் ஆயா.

"பரீட்சைக்கு, ஆயா."

"பரீட்சைக்குச் சரி. அதற்குப் பிறகு எதற்கு?"

பேத்தியிடம் விடை இல்லை. அதற்குள் சமையற்கட்டிலிருந்து மருமகளின் குரல் வந்தது: "அத்தை, அடுத்த மாதம் இந்தப் புழுங்கல் அரிசி வேண்டாம். வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று பச்சரிசியாகவே வாங்கிவிடலாம்." ஆயா ஒன்றும் சொல்லாமல் முறத்தை ஒருமுறை புடைத்தார்.

பேத்தி ஓதிய பாடத்திற்கும் ஆயாவின் முறத்தில் கிடந்த அரிசிக்கும் தொடர்பு உண்டு என்று அங்கே எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால், அந்தத் தொடர்பைக் கண்டறிய உலகம் அரை நூற்றாண்டுக் காலம் பாடுபட்டது. அதற்குள் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

புகையில்லாத நெருப்பு

நாம் ஏன் உண்கிறோம்? ஏன் மூச்சு விடுகிறோம்? இவ்விரண்டும் ஒரே வினாதான் என்பதை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே. 1780களில் அவரும் லாப்லாஸ் என்ற கணித மேதையும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது என்று அளந்தனர். பிறகு கரியை எரித்து அதே கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தனர். மூச்சு விடுதல் என்பது மெல்ல நிகழும் எரிதலே என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆனால், அடுப்பில் விறகு எரிவதற்கும் உடலில் உணவு எரிவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு பிடி சர்க்கரையை நெருப்பிலிட்டால் நொடியில் எரிந்து, அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் பறந்துபோகிறது. உடலிலோ அதே சர்க்கரை, 37 பாகை வெம்மையில், படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் ஒரு பங்கு சேமிக்கப்படுமாறு எரிகிறது. புகையில்லாத, கொழுந்தில்லாத இந்த நெருப்பு எங்கே எரிகிறது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களுக்குள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. ஓயாது உழைக்கும் இதயத் தசையில் அவை மிக நெருக்கமாகச் செறிந்திருக்கின்றன. அவற்றின் உள்ளேதான் பேத்தி ஓதிய அந்தச் சக்கரம் சுழல்கிறது.

குடைராட்டினக் கணக்கு

திருவிழாவில் குடைராட்டினம் பார்த்திருக்கிறோம். நான்கு பிள்ளைகள் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஒரு ராட்டினத்தில் புதிதாக இருவர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அறுவர். ராட்டினம் சுற்றும்போது ஓரிடத்தில் ஒருவர் இறங்குகிறார். சற்றுத் தள்ளி இன்னொருவர் இறங்குகிறார். மீண்டும் நால்வர். சுற்று முடிந்தது, அடுத்த இருவர் ஏறலாம். சிட்ரிக் அமிலச் சுழற்சி என்பது இவ்வளவே.

இங்கே பிள்ளைகள் என்பன கார்பன் அணுக்கள். சோறு செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், உயிரணுவில் இரண்டாகப் பிளந்து, மூன்று கார்பன் கொண்ட பைருவிக் அமிலமாகிறது. மைட்டோகாண்டிரியாவின் உள்ளே அது ஒரு கார்பனைக் கரியமிலவாயுவாக இழந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் என்னும் துண்டாக மாறிச் சக்கரத்தில் நுழைகிறது. அங்கே நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டிக் அமிலம் அதை ஏற்றுக்கொள்ள, ஆறு கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலம் பிறக்கிறது. எலுமிச்சம் பழத்தின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலந்தான் இது. பின்னர் இரண்டு இடங்களில் ஒவ்வொரு கார்பன் கரியமிலவாயுவாக இறங்கிவிட, நான்கு கார்பன் மிஞ்சி, பல வடிவங்கள் மாறி, மீண்டும் ஆக்சலோ அசிட்டிக் அமிலமாகிறது. வியப்பு என்னவென்றால், இச்சுற்றில் இறங்கிச் செல்வோர் இப்போது ஏறியவர்கள் அல்லர், முன்பே அமர்ந்திருந்தவர்கள்!

ஆகவே, இந்த வரியைப் படிக்கும்போது நீங்கள் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமிலவாயு, அண்மையில் நீங்கள் உண்ட சோற்றின் கார்பனாக இருக்கலாம். சோறு மட்டுமன்று, எண்ணெயும் நெய்யும் பருப்பும் மீனுங்கூட வெவ்வேறு வழிகளில் சிதைந்து, இறுதியில் இதே சக்கரத்தில் வந்து சேருகின்றன. பல திசை இருப்புப்பாதைகளும் அரக்கோணம் சந்திப்பில் கூடுவது போல, பல உணவுகளும் கூடும் சந்திப்பு இது.

கார்பன் இறங்குவது சக்கரத்தின் கழிவு. அதன் உண்மையான வருவாய் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் ஹைட்ரஜன் அணுக்கள் கழற்றப்பட்டு, சுமையாட்கள் போன்ற துணைப் பொருள்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவை அவற்றை மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்குச் சுமந்து செல்கின்றன. அங்கே எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி, இறுதியில் நாம் சுவாசித்த பிராணவாயுவைச் சந்திக்கின்றன. பிராணவாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து நீராகின்றன. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவே கரியமிலவாயுவாகி வெளிவருகிறது என்று பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. அது உடலுக்குள் நீராகிறது. பிராணவாயு வராவிட்டால் ஹைட்ரஜனை இறக்கி வைக்க இடமின்றிச் சுமையாட்கள் தேங்கி நிற்பர், சக்கரமும் நின்றுவிடும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பாழாவது இதனால்தான்.

சில்லறை கண்டவர் சென்னை மாணவர்

கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தும், பேருந்தில் நடத்துநரிடம் சில்லறை இல்லாமல் திண்டாடியதுண்டா? உணவு என்பது அத்தகைய பெரிய தாள். தசை சுருங்கவும், நரம்பு செய்தி அனுப்பவும், புதிய அணுக்கள் பிறக்கவும் உடலுக்கு வேண்டுவது சில்லறை. அந்தச் சில்லறையின் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட்; சுருக்கமாக ஏ.டி.பி. மேலே கூறிய எலெக்ட்ரான்களின் இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே இதன் பெரும்பகுதி வார்க்கப்படுகிறது. ஒருவர் ஒரு நாளில் ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி.யின் மொத்த எடை, ஏறத்தாழ அவருடைய உடல் எடைக்கு நிகராகும்! கையிருப்போ மிகச் சொற்பம். செலவானது உடனுக்குடன் மீண்டும் வார்க்கப்படுகிறது.

இப்பொருளைக் கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடை அணிந்து அறுவைக் கூடத்திற்கு வந்தமை அவருடைய ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை; முழு மருத்துவப் பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு சென்ற சுப்பாராவ், அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். அம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று. 1929-இல் இவ்விருவரும் ஒருபுறமும், ஜெர்மனியில் கார்ல் லோமன் மறுபுறமும், தனித்தனியே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தனர்.

பிற்காலத்தில் லெடர்லி நிறுவனத்தில் ஆய்வுத் தலைவராக இருந்து, யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் மருந்து உட்படப் பல மருந்துகளுக்கு வழிகண்ட சுப்பாராவ், 1948-இல் தம் 53-ஆம் வயதில் காலமானார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. இந்திய அஞ்சல் துறை 1995-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

திருப்பி அனுப்பப்பட்ட கடிதம்

சக்கரத்தை முழுமையாக்கிக் காட்டியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். 1900-இல் ஜெர்மனியில் பிறந்த இவர், யூத மரபினர் என்ற ஒரே காரணத்திற்காக 1933-இல் பிரைபர்க் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இங்கிலாந்து அவருக்கு அடைக்கலம் தந்தது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஜான்சன் என்ற மாணவருடன் சேர்ந்து, புறாவின் மார்புத் தசையை நறுக்கி ஆய்ந்தார். ஏன் புறா? ஓயாது பறக்கும் புறாவின் மார்புத் தசை, பிராணவாயுவை மிக விரைவாக உட்கொள்ளும்.

ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-ஜியார்ஜி முதலியோர், சக்சினிக், ஃபியூமாரிக், மாலிக் ஆகிய அமிலங்களைச் சிறிதளவு சேர்த்தாலே தசையின் சுவாசம் பன்மடங்கு விரைவதை முன்பே கண்டிருந்தனர். சேர்த்த அளவை விட விளைவு மிகுதியாக இருப்பது எவ்வாறு? அவை தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்பப் பிறக்கின்றன என்று கொண்டாலன்றி வேறு விளக்கம் இல்லை. சிட்ரிக் அமிலமும் அவ்வாறே செயற்படுவதையும், ஆக்சலோ அசிட்டிக் அமிலம் தசையில் சிட்ரிக் அமிலமாக மாறுவதையும் கிரெப்ஸ் கண்டார். நேர்கோடாகத் தோன்றிய வழியின் இரு முனைகளும் இணைந்தன; கோடு வட்டமாயிற்று.

1937 ஜூன் மாதம் இதை ஒரு கடிதமாக எழுதி, புகழ்பெற்ற 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கைவசம் உள்ளன என்று கூறி ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிரெப்ஸ் மனம் தளராமல் ஹாலந்தில் வெளிவந்த வேறோர் இதழில் அதை வெளியிட்டார். திரும்பி வந்த அந்தக் கண்டுபிடிப்புக்காகவே 1953-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அசிட்டைல் துண்டை ஏந்திச் செல்லும் துணைநொதியைக் கண்ட ஃபிரிட்ஸ் லிப்மனும் அப்பரிசில் பங்கு பெற்றார். தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்வே முடிந்துவிட்டதாக வருந்தும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

வாயிற்காவலர் இல்லாத போது

இப்போது ஆயாவின் முறத்துக்கு வருவோம்.

பைருவிக் அமிலம் சக்கரத்தில் நுழையும் வாயிலைத் திறக்க ஒரு சிறு பொருள் இன்றியமையாதது. அது தயமின் என்னும் வைட்டமின் பி-1. வாயிலில் மட்டுமன்று, சக்கரத்தின் நடுவே, கீட்டோகுளூட்டாரிக் அமிலம் தன் கார்பனை இறக்கும் இடத்திலும் அதே தயமின் வேண்டும். நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மிகுதி. ஒரு சிட்டிகை உப்பின் எடையில் மிகச் சிறு பங்கு. ஆனால், உடலால் அதைத் தானே செய்துகொள்ள இயலாது. நெடுநாள் சேமித்து வைக்கவும் இயலாது. உணவில் அது அறவே இல்லாவிட்டால் சில வாரங்களில் இருப்பு தீர்ந்துவிடும்.

அப்போது என்ன நேரும்? வயிறு நிறையச் சோறு இருக்கும்; இரத்தத்தில் சர்க்கரை இருக்கும்; மார்பு நிறைய மூச்சும் இருக்கும். ஆயினும் வாயில் திறவாததால் பைருவிக் அமிலம் வெளியே தேங்கிப் புளிக்கும். உயிரணு பட்டினி கிடக்கும். ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் நரம்பும் இதயமும் மூளையுமே முதலில் தளரும். கால்கள் மரத்துப்போகும், பாதங்கள் வீங்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும், இறுதியில் இதயம் ஓயும். இதுவே பெரிபெரி என்னும் நோய். 'முடியவில்லை, முடியவில்லை' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழ்த்திசை நாடுகளெங்கும் பரவின. உமியோடு தவிடும் முளையும் நீங்கி, முத்துப் போல வெளுத்த அரிசி மலிவாகக் கிடைத்தது. நெல்லின் தயமின் பெரிதும் இருப்பதோ தவிட்டிலும் முளையிலுமே! அரிசி வெளுக்க வெளுக்க, நோய் பெருகியது.

1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியைத் தின்றதும் எழுந்து நடப்பதையும் கண்டார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ருடால்ஃப் பீட்டர்ஸ், தீட்டிய அரிசி தின்று கழுத்து பின்னால் வளைந்து நோயுற்ற புறாக்களின் மூளையை ஆய்ந்தபோது, அது பிராணவாயுவைக் குறைவாகவே ஏற்பதையும், பைருவிக் அமிலம் தேங்கி நிற்பதையும் கண்டார். கண்ணாடிக் கலத்தில் இருந்த அந்த மூளைத் திசுவில் சிறிதளவு தயமினைச் சேர்த்ததும் அதன் சுவாசம் சீரடைந்தது. கிரெப்ஸ் சக்கரத்தை வரைந்த அதே 1937-ஆம் ஆண்டில், தயமின் எவ்வடிவில் நொதிக்குத் துணைநிற்கிறது என்பதை ஏ.டி.பி. கண்ட அதே லோமன், ஷுஸ்டர் என்பவருடன் சேர்ந்து வெளிப்படுத்தினார். தயமினை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கும் முறையை 1936-இல் கண்ட ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் சமயப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

மலாயாவில் தமிழன் உண்ட சோறு

ஆய்வுக்கூடங்கள் இவற்றை அறியுமுன்பே, நம் மக்களின் சோற்றுப்பானை ஒரு சான்று சொல்லிக்கொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும், தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடமோ அந்நோய் அரிதாக இருந்தது. தமிழர் செல்வத்தால் உயர்ந்தவர்களா? இல்லை. நல்ல குடிலில் வாழ்ந்தவர்களா? அதுவும் இல்லை. ஒரே வேறுபாடு, சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதை விரிவாக ஆராய்ந்து 1907-இல் நூலாக வெளியிட்டார்.

கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், 1905-இல் நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். முதற்பிரிவில் பலர் பெரிபெரியுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கல் உண்டோரிடம் நோய் புதிதாகத் தோன்றவில்லை. இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஒருபோதும் அனுமதிக்காது. தம் விருப்பத்தைச் சொல்ல வாய்ப்பற்ற அந்த எளியோரின் உயிரே நமக்கு இந்த அறிவைத் தந்தது என்பதை நன்றியோடும் துயரத்தோடும் நினைவுகூர வேண்டும்.

நம் மாகாணத்திலும் இதே பாடம் கிடைத்தது. குன்னூரில் ஆய்வு நடத்திய மெக்காரிசன் முதலியோர், சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரும்பாலும் வடசர்க்கார் மாவட்டங்களில் காணப்படுவதையும், அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ணப்படுவதையும் 1920களில் ஆராய்ந்தனர். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. பின்னர் 1930களில் அதே ஆய்வுக்கூடத்தின் தலைவரான எய்க்ராய்டு, புழுங்கல் அரிசியைத் தீட்டினாலும் தயமின் பெரும்பாலும் தங்கிவிடுவதை அளந்து காட்டினார். அந்த ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இதன் காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து, அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. உலர்ந்தபின் அங்கேயே உறைந்துவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவிக்கும் வழக்கத்தை முதலில் தொடங்கிய மூதாட்டி தயமினை அறிந்திருக்கவில்லை. உமி எளிதில் கழலவும், அரிசி நொறுங்காதிருக்கவுமே அவித்திருப்பாள். அவள் அறியாமற் செய்தது தலைமுறைகளைக் காத்தது.

இன்று நமக்கு என்ன?

அப்படியானால் பச்சரிசி நஞ்சா? இல்லை, அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. பருப்பு, பயறு, உளுந்து, நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு, கோதுமை, மீன், முட்டை ஆகியவற்றைக் கலந்து உண்ணும் குடும்பத்தில், பச்சரிசியால் மட்டும் பெரிபெரி வந்துவிடாது. வேறெதுவும் இன்றி வெள்ளைச் சோற்றையே பெரிதும் நம்பியிருக்கும் ஏழை இல்லத்தில்தான் இடர். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில், தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ட தாய்மாரின் பாலை மட்டுமே பருகிய பச்சிளங்குழந்தைகள் தயமின் குறைவால் உயிருக்குப் போராடியதை, 2010களில்கூட அங்குள்ள மருத்துவர்கள் எழுதியுள்ளனர். தயமின் ஊசி போட்டதும் அவர்களுள் பலர் வியக்கத்தக்க விரைவில் தேறினர்.

இல்லத்தரசியர் கவனிக்கத்தக்கவை சில உண்டு. தயமின் நீரில் கரைவது. ஆகவே, அரிசியைத் தேய்த்துத் தேய்த்துப் பலமுறை கழுவ வேண்டாம். இரண்டு முறை போதும். சோறு வடித்தால் கஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பிட்டுப் பருகலாம், குழம்பிலும் சேர்க்கலாம். பருப்பு விரைவில் வேகவேண்டுமென்று ஆப்பச்சோடா இடுவோர் உண்டு. அது தயமினை அழித்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் இன்று தயமின் குறைவுக்கு மிகப் பெரிய வாயில் மதுக்கடை. மது, தயமின் குடலில் உட்கவரப்படுவதைத் தடுக்கிறது. கல்லீரலில் அது தங்குவதையும் குறைக்கிறது. குடிப்பவர் ஒழுங்காக உண்பதும் இல்லை. நாள்பட்டுக் குடித்தவர் திடீரெனத் தடுமாறி நடப்பது, கண்கள் நிலைகொள்ளாமல் துடிப்பது, நினைவு குழம்புவது ஆகியவை போதையின் மிச்சம் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். அது மூளையின் சக்கரம் நிற்பதன் அறிகுறியாக இருக்கலாம். வெர்னிக்கே என்ற மருத்துவர் 1881-இல் விவரித்த அந்நோய்க்குத் தாமதமின்றித் தயமின் தரப்பட்டால் மீட்சி உண்டு. தாமதித்தால் நினைவாற்றல் நிலையாகவே பாழாகலாம். அத்தகையவருக்குத் தயமின் இன்றிக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகவும் கூடும். மூடிய வாயிலின் முன் கூட்டத்தை மேலும் பெருக்குவது போல அது! ஆகவே, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் குடிப்பழக்கத்தை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு தந்தையை, ஒரு மகனை மீட்டுத்தரக்கூடும். கருவுற்ற காலத்தில் வாரக்கணக்கில் ஓயாது வாந்தியெடுக்கும் பெண்களுக்கும் இதே கவனம் தேவை. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வேறு நோய்களாலும் வருமாதலால், தாமே முடிவு செய்யாமல் மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை.

ஆயாவின் விடை

இவற்றையெல்லாம் மேனாம்பேட்டு இல்லத்தில் அன்று என்னால் இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். பேத்தி புத்தகத்தைப் புரட்டி, "ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி. என்று எழுதுவது? ஒரு புத்தகத்தில் 38 என்றும் இன்னொன்றில் 36 என்றும் இருக்கிறதே?" என்று கேட்டாள். அவை பழைய கணக்குகள் என்றும், இன்றைய அளவீடுகளின்படி 30 முதல் 32 வரை என்றும், பிராணவாயு இல்லாமல் கிடைப்பது வெறும் 2 என்றும் சொன்னேன். தேர்வில் மட்டும் அவளுடைய பாடநூலில் உள்ளதையே எழுதும்படி அறிவுறுத்தினேன்!

மருமகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கூடத்திற்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியானால், அத்தை, செங்குன்றத்திலிருந்து வரும் புழுங்கலையே வாங்குவோம். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் மட்டும் பச்சரிசி" என்றார். வீட்டுச் சண்டை ஒன்று தொடங்குமுன்பே முடிந்தது.

ஆயா மட்டும் நெடுநேரம் பேசவில்லை. கல் பொறுக்கிய அரிசியைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, தரையில் சிதறிய நாலைந்து மணிகளையும் விரல் நுனியால் ஒற்றி எடுத்துச் சேர்த்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, "எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில் நுழையாது, கண்ணு. நீ படி. உலை வைக்கிறேன்" என்று கூறி எழுந்தார்.

பேத்தி மறுபடியும் தொடங்கினாள்: "சிட்ரிக் அமிலம், ஐசோசிட்ரிக் அமிலம்..." இம்முறை அவள் கண்களை மூடவில்லை, சமையற்கட்டை நோக்கி நடக்கும் ஆயாவைப் பார்த்துக்கொண்டே ஓதினாள்.